ஹேசல்மூர் பிரபுவின் பதக்கங்கள்

அத்தியாயம் 9

"கொலை செய்த ஆள், பிணத்தின்ர சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டாச்சா எண்டு போன் அடிச்சுக் கேக்குமே, அக்கா?"

கேள்வி நியாயமானதுதான்; மரணவீட்டு மண்டபத்துக்கு கௌசி அப்படித்தான் போன் எடுத்திருந்தாள். ஆனால் உதவியாளன் கஜீவன் நியாயமான கேள்வியைக்கூட வாய் நிறைய மட்டன் றோல்ஸை அடைத்துக்கொண்டுதான் கேட்பான். வேரோனிக்கா அவன் பக்கம் திரும்பாமல், மேசைக்கு முன்னால் இருந்த கௌசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், கென்னடி வீதியோரமாக, ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருந்தது அந்தத் துப்பறியும் நிலையம். கீழே தகடு தட்டும் சத்தம் பகல் முழுவதும் ஓயாது. பல வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காகப் பொய்க் கழுத்துவலிக்காரர்களை விரட்டிப் பிடித்துச் சலித்துப்போய், வேரோனிக்கா சொந்தமாகத் திறந்த கடை அது. மன்னார்ப் பெண், நாற்பத்தாறு வயது. பொய் சொல்கிறவர்களை அவர்கள் வாய் திறக்குமுன்னரே கண்டுபிடித்துவிடுவாள். கௌசியின் முகத்தில் பயம் இருந்தது, நித்திரை கெட்ட கறுப்பு இருந்தது. பொய்யை மட்டும் காணவில்லை.

"பொலிஸ் நாளைக்குக் காலமை வக்கீலோட வரட்டாம், அக்கா," என்றாள் கௌசி. "என்னை உள்ளுக்கப் போட்டினமெண்டா நிலாணி ஆரோட இருப்பாள்? பதினொரு வயசு. எனக்கு இஞ்ச வேற ஒருத்தரும் இல்லை."

"அழாமல் சொல்லும். முதல்ல அந்த மனிசனைப் பற்றிச் சொல்லும்."

அந்த மனிசன் லேசுப்பட்டவர் இல்லை. அட்ரியன் ஹேசல்மூர் பிரபு, எண்பத்தாறு வயது. ஆட்களைவிட ஜன்னல்கள் கூடிய மாளிகையில் பிறந்து, குடும்ப வழக்கப்படி பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, மேஜராகிப் பதக்கங்கள் வாங்கியவர். அதோடு நின்றிருந்தால் வேட்டைநாய்களோடு வயதாகியிருப்பார். நாற்பது வயதுக்கு மேல் என்ன பிடித்ததோ, பட்டாளத்தை உதறிவிட்டு லண்டனில் அரசியல் புத்தகங்கள் போட ஆரம்பித்தார். நாடு கடத்தப்பட்டவர்கள், சிறையிலிருந்து தப்பியவர்கள், தளபதிகளின் கொடுமையை எழுதியவர்கள் எல்லோருக்கும் அவரது பதிப்பகம் இடம் கொடுத்தது. சொந்தக் குடும்பமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாற்பது வருடத்துக்கு முன் ஒருநாள் பதிப்பகத்தைத் தூக்கிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்தவர், பிறகு ஒரு தடவைகூட இங்கிலாந்துப் பக்கம் போகவில்லை. நகருக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு. கடைசி நாலு வருடம் பகலில் அவரைப் பராமரித்தது கௌசி.

"பதினோராம் திகதி, போரில செத்த ஆமிக்காரரின்ர நினைவு தினமக்கா. வழமை மாதிரிக் குளிக்க வாத்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, பதக்கமும் குத்திவிட்டனான். டிவியில அந்த நிகழ்ச்சி முடியுமட்டும் எழும்பி நிண்டவர். மத்தியானம் நான் போயிட்டன். பின்னேரம் வாற பிள்ளைதான் பேஸ்மென்ற் படிக்குக் கீழ கிடக்கிறதைக் கண்டது. டொக்டரும் விழுந்துதான் எண்டு எழுதினவர்."

"பிறகென்ன?"

"லண்டனில இருந்து பெறாமகன் வந்தவர். கப்டன் றூபேட். அடுத்தநாள் வந்ததாச் சொன்னார். நல்லாத்தான் கதைச்சவர், நன்றியெல்லாம் சொன்னவர். முந்தாநாள் பின்னேரம் உடலைப் பார்வைக்கு வச்ச இடத்துக்குப் போனனான். நேற்றுக் காலமை பொலிஸ் போன் அடிக்குது, நான் தள்ளி விழுத்திப்போட்டன் எண்டு அவர் குடுத்த முறைப்பாடாம்."

வேரோனிக்கா பேனாவை மேசையில் வைத்தாள். தன் தகப்பனின் அண்ணன் விழுந்து செத்தார் என்று அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்த மனிதனுக்கு, ஒரே இரவில் அது கொலை என்று எப்படித் தெரிந்தது?

"முந்தாநாள் அவரோட என்ன கதைச்சனீர்? ஒண்டும் விடாமல் சொல்லும்."

"ஒண்டும் பெரிசாயில்லை அக்கா. பெட்டிக்குள்ள சேரைப் பாத்தன். அதே கோட்டுத்தான் போட்டிருந்தவை. ஆனா பதக்கத்தை இந்தப் பக்கம் குத்தி விட்டிருந்தினம்." கௌசி தன் இடப்பக்க நெஞ்சைத் தொட்டாள். "சேர் எப்பவும் வலப்பக்கந்தான் குத்துவிக்கிறவர். நான் ஒருக்காத் தெரியாமல் இடப்பக்கம் கொண்டுபோக, கையைப் பிடிச்சு மற்றப் பக்கம் வச்சவர். அதைத்தான் சொன்னன், ஆரோ மாறிக் குத்திப்போட்டினம் எண்டு. அவர் சிரிச்சுப்போட்டு, பாக்கிறன் எண்டார். அவ்வளவுதான்."

கஜீவன் றோல்ஸை விழுங்கினான். முதன்முறையாக அவன் முகத்தில் பகிடி இல்லை.

"அக்கா, நான் ஹைஸ்கூலில ராணுவக் கடெற்றில இருந்தனான் தெரியுந்தானே?"

"ஓசிப் பீட்சாவுக்குப் போனதெண்டு சொன்னாய்."

"பீட்சாவோட கொஞ்சம் அறிவும் தந்தவங்கள். எங்கட அணியில ஒரு பெட்டை தன்ர அப்பப்பாவின்ர பதக்கத்தை வலப்பக்கம் குத்திக்கொண்டு வந்தவள். ஓபிசர் கழட்டச் சொல்லிப்போட்டார். கனடாவில மற்றவையின்ர பதக்கத்தை ஒரு பக்கமும் குத்தக்கூடாதாம். ஆனா இங்கிலாந்தில அதுதான் வழக்கம் எண்டும் சொன்னவர். உன்ர பதக்கமெண்டா இடப்பக்கம். செத்த ஆளின்ர பதக்கத்தை நீ குத்திறதெண்டா வலப்பக்கம்."

வேரோனிக்கா கதிரையை விட்டு எழுந்து கோட்டை எடுத்தாள்.

"காரை எடு," என்றாள்.

கென்னடி வீதி வடக்கே போகப் போக உருகிய பனிச்சேறு கூடியது. பின்சீற்றில் கௌசி சிலுவைபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை பார்வை முடிந்ததும் உடலையும் உடுப்பையும் பொலிஸ் பரிசோதனைக்காக எடுத்துப் போகப்போகிறது. பிறகு யாரும் கிட்டப் போக முடியாது. மரணவீட்டு மண்டபத்தில் வேலை செய்யும் மாக்கஸ், வேரோனிக்காவின் கத்தோலிக்கக் கோயிற்பற்றைச் சேர்ந்தவர். அவர் தயவில் ஒரு அரைமணி நேரம் கிடைத்திருந்தது. பொலிஸ் துப்பறிவாளர் றொனால்டுக்கும் புறப்படுமுன்பே ஒரு போன் போட்டு, ஒரேயொரு விசயத்தை விசாரிக்கச் சொல்லியிருந்தாள்.

"கௌசி, அந்தப் பெரிய வீட்டில அவர் எந்த அறையில படுக்கிறவர்?"

"குசினிக்குப் பின்னால உள்ள சின்ன அறை. மேல நாலு அறை சும்மா கிடக்கு. நான் எத்தினை தரம் கேட்டனான். அங்கதான் நித்திரை வருமாம்."

"பிரபுவுக்குக் குசினிப்பக்கமே நித்திரை வரும்?" என்றான் கஜீவன். "அது எங்கட பேஸ்மென்ற்றில வாடகைக்கு இருக்கிறவைக்கு வாற நித்திரை."

"சப்பாத்துக் கதை என்ன?"

"அவற்ற விரல் எல்லாம் வாதத்தில மடங்கிப் போச்சக்கா. சட்டைப் பொத்தானும் பூட்டேலாது. ஆனா சப்பாத்துப் பொலிஷ் எண்டா உயிர். எனக்குப் பழக்கித் தந்தவர். துணியை விரலில சுத்தி, சின்னச் சின்ன வட்டமா, கொஞ்சம் துப்பல் தொட்டு. முகம் தெரியோணும். இன்னொண்டு, நான் கதிரையில இருக்குமட்டும் அவர் இருக்க மாட்டார். வேலைக்காரிக்கு எழும்பி நிக்கிற லார்டை நான் காணேல்லை."

வேரோனிக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அதிகாரிகளின் சப்பாத்துகளை அதிகாரிகளே துடைப்பதில்லை. பதக்கம், படுக்கையறை, பொலிஷ் மூன்றும் ஒரே மனிதனைத்தான் காட்டின. அந்த மனிதன் பிரபு அல்ல.

மண்டபத்தில் மாக்கஸ் அவர்களைப் பக்கக் கதவால் உள்ளே விட்டார். லில்லிப் பூக்களின் மணம் தலைவலியைக் கொண்டுவந்தது. வாசலில் பிரபுவின் பெயர் பொறித்த பலகை. பெட்டிக்குள் கிழவர் சுருங்கிப்போய், நேர்த்தியாகக் கிடந்தார். இடப்பக்க நெஞ்சில் நான்கு பதக்கங்கள், ஒரே சட்டத்தில் வரிசையாக.

"மாக்கஸ் அண்ணை, உந்தப் பதக்கத்தை நீங்களோ குத்தினது?"

"நாங்கள் தொடவேயில்லை பிள்ளை. கோட்டோடதான் வந்தது. அப்பிடியே போட்டு விட்டனாங்கள்."

வேரோனிக்கா கையுறை போட்டுக்கொண்டு குனிந்தாள். முதலில் வலப்பக்கம். கறுத்தத் துணியில் ஊசி போய்வந்த இடம், போகும் துளையும் வரும் துளையும், வருடக்கணக்காகக் குத்திக் குத்தி நூல் விட்டுத் தேய்ந்திருந்தது. பிறகு இடப்பக்கப் பதக்கச் சட்டத்தை மெல்லக் கழற்றினாள். அங்கே இரண்டே இரண்டு துளைகள். புத்தம் புதியவை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்தப் பக்கம் ஊசி ஏறியிருந்தது.

கஜீவன் போனில் படம் எடுத்துக்கொண்டே முணுமுணுத்தான். "அப்ப கௌசி அக்கா போனாப்பிறகு ஆரோ மாத்தியிருக்கு. கிழவனே மாத்தியிருக்கலாந்தானே?"

"பொத்தான் பூட்டேலாத கையாலயோ?"

அவன் வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

"கௌசி, இஞ்ச வாரும். நீர் வழமையாக் குத்திற இடத்தில குத்திவிடும்."

மாக்கஸ் பதறினார். "சொந்தக்காரரைக் கேக்காமல் நாங்கள் உதுகள் செய்யிறேல்லை, வேரோனிக்கா."

"நாலு வருசமா உந்த வேலையைச் செய்தது அவதான் அண்ணை. பழி வந்தா என்ர தலையில போடுங்கோ."

கௌசி பெட்டியை நெருங்கினாள். பதக்கச் சட்டத்தை வாங்கினாள். ஊசி துணியைத் தொட்டதும் தானாக வழுக்கிக்கொண்டு பழைய துளைக்குள் போய், பழைய துளையால் வெளியே வந்தது. அவள் கோட்டை நீவிவிட்டு, எப்போதும் சொல்வதுபோல, "சரி சேர்," என்றாள். பிறகுதான் அழுகை வந்தது.

கப்டன் றூபேட் வந்தபோது மண்டபத்தில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். பின்வரிசையில் றொனால்ட், துக்கத்துக்கு வந்தவர்போலக் கறுப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்தார். றூபேட் ஐம்பதைத் தாண்டிய உயரமான மனிதர். ராணுவ முதுகு வளையவில்லை. கௌசியைக் கண்டதும் முகம் சுளித்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

ஒரு கணம் அப்படியே நின்றார். அடுத்த கணம் நேரே போய், யாரையும் ஒன்றும் கேட்காமல், பதக்கச் சட்டத்தைக் கழற்றி இடப்பக்கம் குத்தினார். கண் கௌசியை முறைத்துக்கொண்டிருந்தது. விரல் மட்டும் துணியைத் தடவி, தேடாமல், அந்த இரண்டு புதிய துளைகளையே போய்ச் சேர்ந்தது.

"இந்தப் பெண்ணை யார் உள்ளே விட்டது? ஒரு போர்வீரனை அவமானப்படுத்துகிறாள்," என்றார் ஆங்கிலத்தில்.

"நீங்கள் குத்தியது போர்வீரன் தன் பதக்கத்தைக் குத்தும் பக்கம்," என்றாள் வேரோனிக்காவும் ஆங்கிலத்தில். "அவரோ வருடாவருடம் மற்றப் பக்கம்தான் குத்தினார். அது செத்துப்போன இன்னொருவரின் பதக்கத்துக்கான பக்கம். உங்கள் குடும்பத்தில் இது குழந்தைக்கும் தெரிந்திருக்குமே, கப்டன்?"

றூபேட் பெட்டியை விட்டுப் பின்வாங்கினார்.

"அவர் நவம்பர் பதினோராம் திகதி எந்த ஊர்வலத்துக்கும் போனதில்லை. போனால் இடப்பக்கம் குத்தவேண்டும். அந்த இன்னொருவரின் பேரையும் பதவியையும் சுமந்த மனிதனால் அதை மட்டும் செய்ய முடியவில்லை. அன்றைக்கு கௌசி வலப்பக்கம் குத்திவிட்டுப் போனாள். அவர் கையால் அதை மாற்றியிருக்க முடியாது. செத்தபின் யாரோ மாற்றினார்கள். வலப்பக்கம் இருந்தால் அது என்ன சொல்லும் என்று தெரிந்த யாரோ. அதைக் கவனித்துச் சொன்னவள் கௌசி; மறுநாளே அவள்மேல் முறைப்பாடு."

"எனக்குச் சம்பந்தமில்லை. நான் மறுநாள்தான் வந்திறங்கினேன்."

பின்வரிசையில் றொனால்ட் எழுந்தார். "அதைத்தான் காலையில் இவர் விசாரிக்கச் சொன்னார். நீங்கள் எல்லைச் சோதனையைத் தாண்டியது பத்தாம் திகதி, சார். விழுந்து செத்தார் என்றபடியால் அதுவரை யாரும் கேட்கவில்லை."

கஜீவன் போனை உயர்த்திக் காட்டினான். "பதக்கம் குத்தினதும் இதுக்குள்ள இருக்கு," என்றான். "அருமையான கைப்பழக்கம்."

றூபேட் முன்வரிசைக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். முதுகு அப்போதுதான் வளைந்தது.

"என் பெரியப்பா, உண்மையான பிரபு, செத்து நாற்பது வருடம்," என்றார். "காட்டுக்குள் ஒரு கிராமத்தில் எங்கள் ரெஜிமென்ட் செய்த கொடுமையைப் புத்தகமாகப் போடப்போகிறேன் என்றார். அந்தப் படையை நடத்தியவர் என் பாட்டனார். அப்பா தடுத்தார், கைகலப்பு. தலை கணப்படுப்புக் கல்லில் அடிபட்டது. பார்த்த சாட்சி பெரியப்பாவின் ஓடர்லி ஒருவன்தான். பட்டாளத்திலிருந்து அவருக்குச் சப்பாத்துத் துடைத்தவன். அப்பா அவனுக்குப் பெரியப்பாவின் பாஸ்போர்ட்டையும் பதிப்பகத்தையும் கொடுத்து இங்கே அனுப்பினார். அப்பா உயிரோடு இருக்குமட்டும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம்."

"உங்கள் அப்பா?"

"இந்த வசந்தத்தில் செத்தார். கிழவன் போன் எடுத்தான். நினைவு தினத்தன்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறானாம். கெஞ்சத்தான் வந்தேன். அவன் பேஸ்மென்ற் படியில் இறங்கப் பார்த்தான், பெரியப்பா போடவிருந்த அந்தப் புத்தகம் கீழே இருக்கிறது என்றான். நான் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான். பிடித்தேன், பிறகு விட்டேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் குரோதம் மின்னியது. "இதை வெளியே விட்டால் யாருக்கு நட்டம், தெரியுமா? நாளைக்குப் பத்திரிகைகள் அவனை மோசடிக்காரன் என்று எழுதும். அவன் போட்ட புத்தகங்களை யாரும் தொடமாட்டார்கள். பிரபுவாகப் புதைப்பது அவனுக்கும் நல்லது."

வேரோனிக்கா கௌசியின் காதில் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். சுருக்கவில்லை, மறைக்கவில்லை. கௌசி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அவற்ற உண்மையான பேர் என்னவாம்?"

வேரோனிக்கா அதை ஆங்கிலத்தில் கேட்டாள். றூபேட் நெற்றியைத் தடவினார்.

"தெரியாது. அப்பா 'அந்த ஆள்' என்றுதான் சொல்வார். நான் கேட்டதில்லை."

தான் கொன்ற மனிதனின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. றொனால்ட் அவரை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்று, கௌசி நாளைக்கு வரத் தேவையில்லை, சாட்சி சொல்லப் பிறகு கூப்பிடுவோம் என்றார். அவள் தலையாட்டினாள். மகளுக்கு உடனே போன் எடுத்து, சோறு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கு, இரவுக்கு அம்மா வருவன் என்றாள். போனை வைத்தபிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு வென்ற நாளில் கஜீவன் எங்கே சாப்பிடுவது என்றுதான் முதலில் கேட்பான். இன்று கேட்கவில்லை. மாக்கஸ் வாசலில் பெயர்ப்பலகைக்கு முன் செய்வதறியாமல் நின்றார்.

"உதை என்ன செய்யிறது, வேரோனிக்கா? சனம் வரப்போகுது. பேரில்லாமல் ஒருத்தரையும் நான் இதுவரை வச்சதில்லை."

கப்டன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் வேரோனிக்காவை அரித்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்றிய கையோடு ஒரு கிழவனின் நாற்பது வருடத்தை அழித்திருந்தாள். கௌசிதான் போய்ப் பலகையைக் கழற்றி மாக்கஸின் கையில் கொடுத்தாள். பிறகு வந்து, குடும்பத்தவர் நிற்கும் இடத்தில், பெட்டியின் தலைமாட்டருகே நின்றாள்.

முதலில் வந்தவர் இராஜரட்ணம் என்ற முதியவர். ஊரில் பட்ட சிறையைப் பற்றி எழுதி, எங்கும் எடுபடாமல் அலைந்து, கடைசியில் இந்தப் பதிப்பகத்தால் புத்தகமானவர். வெறும் வாசலைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"பிள்ளை, பேரைக் காணேல்லை. லார்ட் ஹேசல்மூர் உள்ளுக்கதானே?"

வேரோனிக்கா முன்னால் வரப் பார்த்தாள். அதற்குள் கௌசி பேசிவிட்டாள்.

"இல்லை அங்கிள். லார்ட் நாப்பது வருசத்துக்கு முதலே செத்துப்போனார். உள்ளுக்கக் கிடக்கிறது உங்கட புத்தகத்தை அச்சடிச்ச மனிசன்."

"அவற்ற பேர்?"

"தெரியாது அங்கிள். வாங்கோ, வந்து பாருங்கோ."

இராஜரட்ணம் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பனித்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.